மோட்டார் வண்டியின் முறைக்காய்ச்சல்

ஓயாது காயும் காய்ச்சலைக் காட்டிலும், விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலே மருத்துவரின் அறிவை அதிகம் சோதிப்பது. நோயாளி மருத்துவரின் வாயிலை மிதிக்கும் வேளையில் உடம்பு குளிர்ந்திருக்கும். வீடு திரும்பியதும் மீண்டும் கொதிக்கத் தொடங்கும். பழைய மோட்டார் வண்டிகளுக்கும் இத்தகைய நோய் ஒன்று உண்டு. மூன்று நாட்கள் யாதொரு குறையுமின்றி ஓடிய கார் நான்காம் நாள் நடுவழியில் நின்று ஆவி கக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு, குளிர்ந்தபின் நீர் ஊற்றினால் ஒன்றும் அறியாததுபோல் மறுபடி ஓடும். கராஜுக்குக் கொண்டுசென்றால் அங்கே அது கொதிப்பதில்லை.

இந்த நிலையில் சாரதியும் மெக்கானிக்கும் பெரும்பாலும் ஊகத்திலே இறங்குகின்றனர். முதலில் றேடியேற்றர் மாற்றப்படும். பின்னர் நீர்ப்பம்பி மாற்றப்படும். அதன் பின்னர் வேறொன்று. பணம் கரைகிறது, காய்ச்சல் மட்டும் தீர்வதில்லை. இறுதியில் ஒருநாள் உருளைத்தலை வெப்பத்தால் வளைந்து, வாடகைக் கார் ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தின் வருவாய் நின்றுவிடுகிறது. உதிரிப்பாகம் எளிதிற் கிடையாத பழைய வண்டியாயின் அதுவே அதன் முடிவாகவும் அமையலாம். பிழை எங்கே நேர்கிறது? “எந்தப் பாகம் பழுது?” என்ற கேள்வியை முதலிற் கேட்பதிலேதான். முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “எப்பொழுது கொதிக்கிறது?” என்பதாகும். இந்தக் கேள்வி விடையைத் தரவல்லது என்பதற்கான காரணத்தை மோட்டார் வண்டியின் வரலாறே கூறுகின்றது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் ஒவ்வொரு பாகமும் ஒரு குறிப்பிட்ட வேளையில் எழுந்த இடரைத் தீர்ப்பதற்காகப் பின்னாளிற் சேர்க்கப்பட்டது. ஆதலால் அது பழுதுபடும்போதும் பெரும்பாலும் அந்த வேளையிலேயே தன் குறையைக் காட்டுகின்றது.

மோட்டார் இயந்திரம் அடிப்படையில் ஒரு வெப்ப இயந்திரம். பெற்றோல் உருளைக்குள் எரியும்போது எழும் சுவாலையின் வெப்பநிலை 2000 பாகை சென்றிகிரேட்டைத் தாண்டும். அவ்வெப்பம் முழுவதும் சில்லுகளைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது; இன்னும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உருளையின் சுவர்களில் ஏறுகிறது. சுவர்களில் ஏறிய வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடின் எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும். பிஸ்டன் விரிந்து உருளையில் இறுகும். எனவே, முதல் மோட்டார் வண்டி தோன்றிய அன்றே அதனைக் குளிர்விக்கும் சிக்கலும் உடன் பிறந்துவிட்டது.

ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 ஆம் ஆண்டு ஜனவரி 29 ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பித்த முச்சக்கர வண்டியில் இன்று காணப்படும் றேடியேற்றர் கிடையாது. உருளையைச் சூழ இருந்த நீர் சூடேறி ஆவியாகிப் போகும்; போன நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊற்றவேண்டும். அவ்வளவே அதன் குளிரூட்டும் முறை. 1888 ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவி பேர்தா பென்ஸ், கணவருக்கு முன்கூட்டி அறிவியாமலே, 15 வயதும் 13 வயதுமான தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் அவ்வகை வண்டியைச் செலுத்தினார். வழியில் வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக் கடையிலே எரிபொருள் வாங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. எரிபொருளைவிட அடிக்கடி அவர் தேட வேண்டியிருந்தது தண்ணீரையே. எரிபொருட் குழாய் அடைபட்டபோது அதனைத் தம் தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார் என்பதும் வரலாறு. மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே ஓடும் இயந்திரம் நீரைக் குடித்தது. வழியிலே தோன்றிய பழுது ஓட்டுநரின் கூரிய கவனிப்பாலே தீர்ந்தது. அன்று கற்ற முதற் பாடம் இன்றும் மாறவில்லை: கொதிக்கும் காரை ஆராயப் புகுபவர், இயந்திரம் நன்கு ஆறிய பின்னர், முதலில் நீரின் மட்டத்தைப் பார்க்கவேண்டும். நீர் குறைந்திருந்தால் அது எங்கே போனது என்பதும், குறையாதிருந்தால் அது ஏன் வெப்பத்தைக் கொண்டுசெல்லவில்லை என்பதும் இருவேறு விசாரணைகள்.

நீரை ஆவியாகப் போக்காமல் அதனையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழியைச் செம்மைப்படுத்தியவர் டைம்லர் நிறுவனத்தின் பொறியியலாளர் வில்ஹெல்ம் மைபாக். 1897 இல் அவர் குழாய்களாலான றேடியேற்றரை அமைத்தார். 1900 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த முதல் மேர்ஸிடிஸ் காருக்கு அவர் அமைத்தது தேன்கூடு போன்ற றேடியேற்றர். பக்கத்துக்கு 6 மில்லிமீற்றர் அளவுடைய 8,070 சிறு சதுரக் குழாய்களின் ஊடாகக் காற்றுச் சென்றது. அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடியது. முன்னர் 18 இலீற்றர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 இலீற்றரே போதுமானதாயிற்று. வண்டி மெதுவாகச் செல்லும்போது காற்றோட்டம் போதாமையால், றேடியேற்றருக்குப் பின்னால் ஒரு விசிறியும் வைக்கப்பட்டது.

இந்த ஒரே அமைப்பிலிருந்து நோயறியும் இருபெரும் விதிகள் கிடைக்கின்றன. விசிறி வைக்கப்பட்டது வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும் உதவுவதற்காக. ஆகவே, நகரின் நெரிசலிலும் புகையிரதக் கடவையிலும் நிற்கும்போது கொதித்து, திறந்த வீதியில் ஓடத் தொடங்கியதும் ஆறிவிடும் கார் விசிறியைச் சந்தேகிக்கச் சொல்கிறது. விசிறி வார் தளர்ந்திருக்கலாம். எண்ணெய் பட்டு வழுக்கலாம். பிற்காலக் கார்களில் விசிறியைச் சுழற்றுவது தனி மின்மோட்டார். அதனை இயக்கும் வெப்ப ஆளியோ மின்கம்பியின் இணைப்போ சில வேளைகளில் மட்டும் தொடர்பு விட்டுப்போகலாம். நின்ற நிலையிற் கார் சூடேறும்போது விசிறி சுழலத் தொடங்குகிறதா என்று பார்ப்பதற்குக் கண்ணைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை.

இரண்டாவது விதி இதற்கு நேர்மாறானது. நகரில் குளிர்ந்திருந்து, நெடுஞ்சாலையின் வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் கொதிக்கும் காருக்கு விசிறி காரணமாவது அரிது. அங்கே காற்று வேண்டிய அளவு கிடைக்கிறது. வெப்பம் அதிகமாகப் பிறக்கும்போது அதனை அகற்றும் ஆற்றல்தான் போதவில்லை. றேடியேற்றரின் இடுக்குகளில் அழுக்கும் உப்பும் படிந்து பாதி வழிகள் அடைபட்டிருப்பின் இவ்வாறு நிகழும். மெதுவான ஓட்டத்துக்கு மீதிப் பாதி போதும். கடுகண்ணாவை ஏற்றத்துக்கு அது போதாது. மைபாக்கின் நுண்ணிய இடுக்குகள் நீரின் அளவைக் குறைத்தன. அதே நுண்மை அடைப்புக்கும் இடங்கொடுத்தது.

நீரைச் சுழலவைப்பது அடுத்த சிக்கல். இதற்குப் பம்பி வேண்டியதில்லை என்றே பல பொறியியலாளர் நெடுங்காலம் கருதினர். சூடேறிய நீர் பாரங்குறைந்து மேலே செல்லும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். இந்த இயற்கையே நீரைச் சுழற்றிவிடும். 1908 இல் வெளிவந்த ஹென்றி போர்டின் ‘ரி’ மாதிரிக் கார்களில் முதல் 2,500 அளவிலானவை பம்பியுடன் செய்யப்பட்டன. அதன் பின்னர் செய்யப்பட்ட ஒன்றரைக் கோடி வரையிலான கார்கள் பம்பியின்றியே ஓடின. 1922 இன் சிறிய ஒஸ்ரின் காரும் அவ்வாறே. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்த மொறிஸ் மைனரின் முதல் மாதிரியும், 918 கன சென்றிமீற்றர் இயந்திரத்துடன், இந்த இயற்கைச் சுழற்சியையே நம்பியிருந்தது.

இந்த முறைக்கு ஒரு மெல்லிய உயிர்நாடி உண்டு. இயந்திரத்தின் மேற்குழாய் றேடியேற்றரிற் சேரும் வாய்க்கு மேலே எப்பொழுதும் நீர் நிற்கவேண்டும். மட்டம் அதற்குக் கீழே விரற்கடையளவு இறங்கினாலும் சுழற்சி அறுந்துவிடும். றேடியேற்றரில் நீர் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஆனால், அது நகராது. உருளையைச் சூழ்ந்த நீர் கொதிக்கும். சிறிது நீர் ஊற்றியதும் யாவும் சீராகிவிடும். சில நாட்களில், கண்ணுக்குப் புலப்படாத கசிவினால் மட்டம் மீண்டும் இறங்க, கொதிப்பும் மீண்டும் வரும். இவ்வாறு நாட்கணக்கில் முறைவைத்து வரும் காய்ச்சல் சிறு கசிவைக் குறிக்கிறது. இதற்கு மருந்து புதிய றேடியேற்றர் அன்று. கசியும் இடத்தைக் கண்டறிவதே.

மொறிஸ் மைனரில் 1950 இன் பிற்பகுதி தொட்டு நீர்ப்பம்பி இடம்பெற்றது. 1952 இல் வந்த 803 கன சென்றிமீற்றர் இயந்திரமும், 1956 இன் 948, 1962 இன் 1098 கன சென்றிமீற்றர் இயந்திரங்களும் பம்பியுடனேயே அமைந்தன. பம்பி வந்தபின் நீர் விரைந்து சுழன்றது. ஆயினும், அதனோடு ஒரு புதிய நோயும் வந்தது. பம்பி றேடியேற்றரின் அடியிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. அந்தக் கீழ்க்குழாய் றப்பராலானது. றப்பர் பழையதாகி மெலிந்துவிட்டால், வேகம் மிகும்போது உறிஞ்சும் விசையினால் குழாய் தட்டையாக ஒட்டிக்கொள்ளும், நீரோட்டம் தடைப்படும், இயந்திரம் கொதிக்கும். சாரதி வண்டியை நிறுத்தி மூடியைத் தூக்கிப் பார்க்கும் வேளையில் உறிஞ்சல் நின்று குழாய் தன் உருவத்தைப் பெற்றுவிடும். கண்டவர்க்கு அதில் யாதொரு குறையும் தெரியாது. இக்காரணம் பற்றியே பல கார்களில் அக்குழாயினுள் ஒரு கம்பிச் சுருள் வைக்கப்பட்டது; அது துருப்பிடித்து அற்றுப்போயிருப்பதும் உண்டு. நின்ற நிலையில் ஒருவர் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்ட, மற்றொருவர் விசிறிக்குத் தம் கையையும் உடையையும் எட்டவிடாது அக்குழாயை மட்டும் நோக்கிக்கொண்டிருந்தால் உண்மை வெளிப்படும்.

மூன்றாவது இடர் வெப்பத்தின் மிகுதியால் அன்று, அதன் குறைவால் எழுந்தது. குளிர்நாடுகளில் காலையில் இயக்கிய இயந்திரம் நெடுநேரம் சூடேறாமல் எரிபொருளை வீணாக்கியது. அதன் பாகங்களும் விரைவில் தேய்ந்தன. எனவே, இயந்திரம் தக்க சூட்டை அடையும்வரை நீரை றேடியேற்றருக்குச் செல்லவிடாது தடுக்கும் தானியங்கிக் கதவு தேவைப்பட்டது. அதுவே தேர்மோஸ்ரற். 1914 இல் அறிமுகமான அமெரிக்காவின் எட்டு உருளைக் கடிலாக் கார் இதனைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒன்று. தொடக்ககாலத் தேர்மோஸ்ரற், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த சிறு உலோகத் துருத்தி. பிற்காலத்தது 1930களில் செர்ஜியஸ் வேர்னே உருவாக்கிய மெழுகு வகை. சூட்டில் உருகி விரியும் மெழுகு கதவைத் திறக்கும். இரண்டுக்கும் நோயறிவதில் ஒரு வேறுபாடு உண்டு. துருத்தி ஓட்டையானால் பெரும்பாலும் கதவு திறந்தே நின்றுவிடும். இயந்திரம் குளிர்ந்துபோகுமேயன்றிக் கொதிக்காது. மெழுகு வகையோ பழுதடைந்தால் மூடியபடி நின்றுவிடவும் கூடும்.

துருவினாலும் உப்புப்படிவினாலும் இக்கதவு ஒருநாள் திறந்து மறுநாள் சிக்கிக்கொள்ளும். இதன் அடையாளம் தெளிவானது: புறப்பட்டுச் சிறிது தூரம் செல்லுமுன்னரே இயந்திரம் கொதிக்கும், ஆனால், றேடியேற்றரின் அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும். ஐயம் எழுந்தால் அதனைக் கழற்றி, வெப்பமானியுடன் ஒரு பாத்திர நீரிலே தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்க்கலாம். அதிற் பொறிக்கப்பட்ட வெப்பநிலையை ஒட்டி அது திறக்கவேண்டும். விட்டுவிட்டு வரும் நோயாதலின் ஒருமுறை திறந்ததென்று மனநிறைவு கொள்ளலாகாது. ஆறவிட்டு ஐந்தாறு முறை சோதிப்பது நன்று. வெப்பநாடுகளில் இது வேண்டியதே இல்லையென்று கழற்றி எறியும் வழக்கமும் உண்டு. அவ்வாறு செய்தால் இயந்திரம் தக்க சூட்டை எட்டாமல் ஓடித் தேய்வதோடு, உண்மையான நோய் சில காலம் மறைந்தும் நிற்கும்.

றேடியேற்றரின் மூடி வெறும் மூடியன்று என்பதும் பலர் உணராத உண்மை. நீர் கடல்மட்டத்தில் 100 பாகை சென்றிகிரேட்டிற் கொதிக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் உயரும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, கொதிநிலையை ஏறத்தாழ 112 பாகைக்கு உயர்த்திவிடும். இத்தகைய மூடிகள் 1930களிலிருந்து படிப்படியாகப் பரவின. இலங்கையின் மலைவீதிகளில் இதன் மதிப்பு நன்கு விளங்கும். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் வீதி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைகின்றது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். நல்ல மூடியுள்ள காருக்கு அங்கும் 107 பாகை வரை இடமுண்டு. மூடியின் வில்லோ றப்பர் வளையமோ தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். ஆகவே, சமவெளியிற் சுகமாக ஓடி, மலையில் மட்டும் கொதிக்கும் காருக்கு, இயந்திரத்தைக் கழற்றுமுன் மூடியை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. ஆயின், சூடான இயந்திரத்தின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தம் விடுபட்ட கணத்தில் நூறு பாகைக்கு மேற்பட்ட நீர் ஆவியாய்ப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச்செய்துவிடும்.

இலங்கையில் பழைய கார்கள் நீண்ட ஆயுள் பெற்றதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதிய கார் என்பது பெரும்பாலானோருக்கு எட்டாக்கனி. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ-40 வாடகைக் காராக நெடுங்காலம் உழைத்தது. அந்தக் கார்களின் உள்ளே ஊற்றப்பட்ட நீரின் வரலாறும் அவற்றோடு வளர்ந்தது.

யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்துக் கரைந்திருக்கிறது. அந்நீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் படியும் வெண்படையை எந்த இல்லத்தரசியும் அறிவார். இயந்திரத்தின் உள்ளறைகளிலும் அதுவே நிகழ்கிறது. இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் அப்படை, உருளைக்கும் நீருக்குமிடையே ஒரு கம்பளிபோல் நின்றுவிடுகிறது. கசிவுள்ள காருக்கு நாள்தோறும் கிணற்று நீர் ஊற்றுபவர், நாள்தோறும் சிறிது சுண்ணாம்பையும் உடன் ஊற்றுகிறார். மழைநீர் இக்குற்றம் அற்றது. ஆயினும், தனிநீர் எதுவாயினும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். உறைவெதிர்த் திரவமாகப் பயன்படும் எதிலீன் கிளைக்கோல், பனி காணாத நாட்டுக்கு வேண்டாத பொருளென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மையில், அது கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. அதனோடு சேர்த்து விற்கப்படும் துருத்தடுப்புப் பொருள்களோ எந்நாட்டு இயந்திரத்துக்கும் இன்றியமையாதவை. அது நஞ்சாதலால் சிறுவருக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாது வைக்கவேண்டும்.

குளிரூட்டும் பாகங்கள் யாவும் நலமாயிருந்தும் கொதிக்கும் கார்கள் உண்டு. தீப்பொறி உரிய நேரத்துக்குப் பிந்தி எழுந்தால் எரிபொருள் பிந்தி எரிந்து, வேலையாக மாறவேண்டிய வெப்பம் உருளைத்தலையிலும் புகைவழியிலும் சேரும். தீப்பொறியை வேகத்துக்கேற்ப முந்தச்செய்யும் சிறு பொறி சிலவேளை சிக்கிக்கொண்டால் கொதிப்பும் சிலவேளை மட்டுமே தோன்றும். தடை ஒன்று முற்றாக விடுபடாமல் சில்லைப் பற்றிக்கொண்டிருந்தாலும் இயந்திரம் ஓயாது ஏற்றம் ஏறுவதுபோலவே உழைக்கும். எரிபொருளும் ஒரு காரணமாகலாம். 1990களின் தொடக்கத்தில், பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், சில துளி பெற்றோலால் இயக்கப்பட்ட பழைய கார்கள் பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடின. மண்ணெண்ணெய் அத்தகைய இயந்திரத்தில் ‘டக் டக்’கென்று இடித்து எரியும் இயல்புடையது, இடித்து எரியும்போது உருளையின் சுவர்களில் வெப்பம் மிகும். சுமையும் வேகமும் குறைத்து, மெதுவாகச் செலுத்தியே அக்காலத்துச் சாரதிகள் தம் கார்களைக் காத்தனர். உதிரிப்பாகங்கள் கிடையாத அந்நாட்களில், பாகத்தை மாற்றிப் பார்க்கும் ஊக வைத்தியத்துக்கு இடமே இருக்கவில்லை.

இனி, காட்டும் கருவியே பொய் சொல்வதும் உண்டு. 1912 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பொய்ஸ் என்பவர் றேடியேற்றர் மூடியின்மேற் பொருத்தும் வெப்பமானியைப் பரப்பினார். அது நீரின்மேல் எழும் ஆவியின் சூட்டைக் காட்டியது. சாரதி தம் இருக்கையிலிருந்தே அதனை நோக்கலாம். பின்னர் அது காரின் உட்புறத்துக்கு இடம்பெயர்ந்தது. மொறிஸ் மைனர் போன்ற சிறிய கார்களில் அதுவும் வைக்கப்படவில்லை. ஆவியும் மணமுமே அங்கே அறிகுறி. மின்சாரத்தால் இயங்கும் வெப்பமானியின் மின்னிணைப்பிற் பழுது நேர்ந்தால், குளிர்ந்த இயந்திரத்தையும் கொதிப்பதாக அது காட்டக்கூடும். ஊசி நொடிப்பொழுதில் எகிறி நொடிப்பொழுதில் இறங்கினால் கம்பியைச் சந்தேகிக்கலாம். ஏனெனில், நீரின் சூடு அவ்வாறு பாய்ந்து மாறுவதில்லை. இதற்கு மறுதலையான பொய் அபாயகரமானது. நீர் பெரிதும் வற்றி, உணரும் முனை வெறுங்காற்றில் நின்றால், இயந்திரம் எரிந்துகொண்டிருக்கையிலும் ஊசி குளிர்ச்சியைக் காட்டக்கூடும்.

இந்நோய்கள் எல்லாவற்றிலும் கொடியது உருளைத்தலைக்கும் உருளைத்தொகுதிக்கும் இடையேயுள்ள காஸ்கெற் பழுதுபடுவது. ஒருமுறை கடுமையாகக் கொதித்த காரில் இது பின்னர் தோன்றலாம். மயிரிழை போன்ற வெடிப்பு, குளிர்ந்த நிலையில் மூடியிருந்து, சூட்டிலும் சுமையிலும் மட்டும் திறக்கும். அவ்வழியே எரிவாயு நீரினுட் புகுந்து, நீரை வெளியே தள்ளும். தரையில் ஒரு துளி கசிவும் காணப்படாது. ஆனால், மட்டம் நாளும் குறையும். இதனை அறிய எளிய வழிகள் உள. குளிர்ந்த இயந்திரத்தில் மூடியைத் திறந்துவைத்து இயக்கும்போது, நீரில் ஓயாது குமிழிகள் எழுந்தால் ஐயம் வலுப்பெறும். எண்ணெய் பாற்கஞ்சிபோல வெளுத்திருந்தால், எண்ணெயோடு நீர் கலந்திருக்கிறது எனலாம். இயந்திரம் சூடேறிய பின்னரும் புகைக்குழாயில் இனிய மணமுள்ள வெண்புகை நீங்காதிருந்தால், கிளைக்கோல் கலந்த நீர் உருளைக்குள் எரிகிறது. இந்நிலையிலுள்ள காரை மேலும் ஓட்டுவது உருளைத்தலையைப் பலியிடுவதாகும்.

இவ்வளவும் கூறியதன் சாரம் ஒன்றே. நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே வாய்ப்பறிந்து மருந்து செய்யவேண்டுமெனத் திருவள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த ஒழுங்கு மெக்கானிக்குக்கும் பொருந்தும். அந்த ஒழுங்குக்குச் சாரதியின் துணை இன்றியமையாதது. ஏனெனில், கார் கொதிக்கும் வேளையில் உடனிருப்பவர் அவரே. ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் சில செய்திகளை எழுதிவைத்தால் போதும்: புறப்பட்டு எவ்வளவு நேரம் சென்றது, வண்டி நின்றதா, ஓடியதா, ஏறியதா, வெயிலா, மழையா, விசிறி சுழன்றதா, மேற்குழாய் சூடாயிருக்கக் கீழ்க்குழாய் குளிர்ந்திருந்ததா, ஆறியபின் எவ்வளவு நீர் ஊற்றவேண்டியதாயிற்று. நான்கைந்து முறை எழுதியபின் பக்கங்களை ஒப்புநோக்கினால் பொதுவான ஒரு வேளை புலப்படும். அதன் பின்னர், சந்தேகத்துக்குரிய பாகங்களை ஒரே நாளில் மொத்தமாக மாற்றிவிடாமல், ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். ஒருசேர மாற்றியபின் நோய் தீர்ந்தாலும், எதனால் தீர்ந்தது என்பது தெரியாது போகும். மீண்டும் வரும்போது விசாரணை முதலிலிருந்தே தொடங்கும்.

மொறிஸ் மைனர் 1960 இன் இறுதியில் பத்து இலட்சம் என்ற தொகையை எட்டிய முதற் பிரித்தானியக் காராகியது. 1971 இல் பிரித்தானியாவில் அதன் உற்பத்தி நின்றது. அவற்றுட் பல இலங்கையின் வீதிகளை அரை நூற்றாண்டுக்கு மேலாக வலம்வந்துள்ளன. அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்ட பின்னரும் அவை ஓடுவதற்குக் காரணம், புதிய பாகங்களின் பெருக்கம் அன்று. ஆவி எழுந்தவுடன் திருகாணிக் கோலை எடுக்காமல், முதலில் இயந்திரத்தை ஆறவிட்டு, அது எந்த வேளையில் கொதித்தது என்று கேட்டறிந்த சாரதிகளும் மெக்கானிக்குகளும் ஊர்தோறும் இருந்தமையே காரணமாகும்.